மூட்டுக்குள் இறங்கிய பூஞ்சை: 2012-ல் அமெரிக்காவில் ஒரு ஸ்டீராய்டு ஊசி செய்த சேதம்

2012-ல் அமெரிக்காவில் ஒரே நிறுவனம் தயாரித்த ஒரே ஸ்டீராய்டு மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களில் 753 பேர் தொற்றுக்கு ஆளானார்கள். அதில் 64 பேர் இறந்துபோனார்கள். 20 மாநிலங்களில் சிதறிக் கிடந்த இந்த நோயாளிகளின் கணக்கை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி சுமார் ஓராண்டு கழித்துத்தான் முடித்தது. செய்தித்தாள்கள் இதைப் 'பூஞ்சை மூளைக்காய்ச்சல்' என்று எழுதின. பெரும்பாலோர் முதுகுவலிக்காகத் தண்டுவடத்தை ஒட்டி ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்பதால் அந்தப் பெயரில் தவறில்லை. ஆனால் அதே கணக்கின் அடிப்பகுதியில் இன்னொரு வரி இருக்கிறது. 33 பேருக்கு மூட்டில் மட்டும் தொற்று. இருவருக்கு முதுகிலும் மூட்டிலும் சேர்த்துத் தொற்று. மூட்டுவலி தாங்காமல், வழக்கமான ஓர் ஊசிக்காகப் போனவர்கள் இவர்கள்.

மூட்டுவாதத்துக்குப் போடும் ஊசியின் பக்கவிளைவுகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், இந்த 35 பேரிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. நாம் வழக்கமாகக் கேட்டு வைத்திருக்கும் பக்கவிளைவுகள் மருந்தின் குணத்தால் வருபவை, அல்லது ஊசி போட்ட கையால் வருபவை. இவர்களுக்கு வந்ததோ மூடியிருந்த குப்பிக்குள்ளிருந்து வந்தது. மருத்துவர் கையைக் கழுவியிருந்தாலும், அளவு சரியாக இருந்தாலும், ஊசி சரியான இடத்தில் இறங்கியிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. ஊசிக்கு முன் நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் படிவத்தில் இந்த வகை ஆபத்துக்கு ஒரு வரி ஒதுக்கியிருப்பது அபூர்வம்.

குப்பிக்குள் இருப்பது

அந்தக் குப்பிகளில் இருந்த மருந்தின் பெயர் மெத்தில்பிரெட்னிசோலோன் அசிடேட். அது தண்ணீரில் எளிதில் கரையாத ஸ்டீராய்டு. நுண்ணிய படிகங்களாக நீரில் மிதக்கும். குப்பியைக் குலுக்கினால் பால் மாதிரி வெள்ளையாகக் கலங்கும். கரையாமல் இருப்பதுதான் இதன் பலமே. மூட்டுக்குள் போன படிகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வாரக்கணக்கில் வீக்கத்தை அடக்கி வைக்கின்றன. நம் ஊரில் கெனாகார்ட் என்ற பெயரில் கிடைக்கும் டிரையாம்சினோலோனும் இதே சாதிதான்.

இந்த யோசனைக்கு வயது எழுபதுக்கும் மேல். 1948-ல் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் கொடுத்துப் பார்த்தார். படுத்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1950-ல் அவருக்கும் எட்வர்ட் கெண்டலுக்கும் டடேயுஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே வேகத்தில் முகம் ஊதுவது, எலும்பு பலவீனமாவது என்று உடம்பு முழுக்கப் பரவும் பாதிப்புகளும் தெரியவந்தன. வலிக்கிற மூட்டுக்குள் மட்டும் மருந்தை வைத்தால் என்ன என்று யோசித்தவர்களில் பிலடெல்பியாவின் ஜோசப் ஹாலண்டர் முக்கியமானவர். ஹைட்ரோகார்டிசோனை நேரடியாக மூட்டுக்குள் செலுத்திய அனுபவத்தை அவர் 1951-ல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் போடப்படும் மூட்டு ஊசிகள் அந்த வழியில் வந்தவை.

படிகமாக மிதக்கும் மருந்தில் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். தெளிவான ஊசி மருந்தாக இருந்தால் கிருமி நுழைய முடியாத மிக நுண்ணிய வடிகட்டியில் விட்டுச் சுத்தப்படுத்திவிடலாம். படிகம் மிதக்கும் மருந்தை அப்படி வடிகட்டினால் கிருமியோடு மருந்தும் வடிகட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே உயர் வெப்பத்தில் வேகவைக்க வேண்டும், அல்லது ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரு கிருமிகூட நுழையாதபடி தயாரிக்க வேண்டும். இன்னொன்று, தெளிவான மருந்து கெட்டால் கலங்கிக் காட்டிக் கொடுக்கும். ஏற்கெனவே வெள்ளையாகக் கலங்கியிருக்கும் மருந்தில் ஆரம்பக்கட்டக் கலக்கம் கண்ணுக்குத் தெரியாது.

பெரிய நிறுவனங்கள் விற்கும் மெத்தில்பிரெட்னிசோலோன் அசிடேட்டில் கிருமி வளராமல் தடுக்கும் பதனப்பொருள் கலந்திருக்கும். தண்டுவடத்தை ஒட்டி ஊசி போடும் வலி மருத்துவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. பதனப்பொருள் நரம்பைப் பாதிக்குமோ என்ற பயம். பதனப்பொருள் இல்லாத வடிவத்தை அவர்கள் தனி மருந்துக் கலவைக் கூடங்களிடம் வாங்கத் தொடங்கினார்கள். மூட்டு ஊசிக்கு அந்தத் தேவை அவ்வளவாக இல்லை. ஆனால் மருந்து வாங்கி வைத்த இடத்தில் அதே குப்பி முழங்காலுக்கும் தோளுக்கும் போனது. வேறொரு நோயாளியின் பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, தேவையே இல்லாத நோயாளியின் மூட்டில் போய் முடிந்தது.

வழக்கமாக வருபவை

இந்தத் தொற்று முதலில் பிடிபட்ட நாஷ்வில் நகரத்துக்குப் போகும் முன், சாதாரணமாக இந்த ஊசியால் என்னென்ன வரும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த 35 பேரின் தொற்றைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பது புரியாது.

ஊசி போட்ட அன்றிரவோ மறுநாளோ மூட்டு முன்பைவிட மோசமாக வலிக்கலாம். மருந்தின் படிகங்களே மூட்டுச் சவ்வை உறுத்துவதால் வருவது இது. இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும். ஐஸ் வைத்து, பாராசிட்டமால் போட்டு, காலைக் கொஞ்சம் ஓய்வில் வைத்தால் போதும். சிலருக்கு முகம் சிவந்து சூடாகும். அதுவும் ஓரிரு நாள்தான். பெண்கள் சிலருக்கு அந்த மாத விலக்கு முன்பின் ஆகும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் கவனம் அதிகம் தேவை. மூட்டுக்குள் போட்ட மருந்தில் ஒரு பகுதி ரத்தத்துக்குப் போகிறது. சில மணி நேரத்திலேயே சர்க்கரை ஏறத் தொடங்கி, சில நாள், சமயத்தில் ஒரு வாரம்வரைகூட இறங்காமல் நிற்கும். இன்சுலின் போடுபவர் ஊசி போட்ட வாரத்தில் வீட்டுக் கருவியில் அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைச் சில வாரங்கள் குறைத்துக்கொள்வதும் உண்டு. பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் எச்ஐவிக்கு ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரை எடுப்பவருக்கு டிரையாம்சினோலோன் போட்டால், கல்லீரலால் அந்த ஸ்டீராய்டை உடைக்க முடியாமல் போய், ஓரிரு ஊசியிலேயே முகம் உப்பி ரத்த அழுத்தம் ஏறும். மூட்டு வலிக்குப் போகும் இடத்தில் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லத் தயங்குபவர்கள் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

தோலுக்குக் கீழே மருந்து கசிந்தால் அந்த இடம் குழி விழுந்து வெளுத்துப் போகும். மணிக்கட்டு, விரல் போன்ற மேலோட்டமான இடங்களில் இது கூடுதல். மாநிறத் தோலில் அந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும், மறைய மாதங்கள் ஆகும். தசைநாணுக்குள் மருந்து போனால் நாண் பலவீனமாகி அறுந்துபோகலாம். பாக்டீரியா தொற்று பல ஆயிரம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில் வரும் விபத்து. வந்தால் பெரும்பாலும் ஊசி போட்ட சில நாட்களிலேயே காய்ச்சலும் கொதிக்கிற வீக்கமுமாக வந்துவிடும்.

நீண்டகாலக் கணக்கு வேறு மாதிரி. 2017-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேரில் பாதிப் பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை டிரையாம்சினோலோனும், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்பு சராசரியாக 0.21 மி.மீ. மெலிந்தது. உப்புநீர்க்காரர்களுக்கு 0.10 மி.மீ. வலியில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டு ஆண்டு விடாமல் போட்ட ஊசிக்கு இது சங்கடமான முடிவு. 2019-ல் பாஸ்டன் கதிரியக்க மருத்துவர்கள் இடுப்பிலும் முழங்காலிலும் ஊசி போட்ட 459 பேரின் படங்களை ஆராய்ந்தபோது, 36 பேருக்கு மூட்டு எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கெட்டிருந்தது. ஊசி போடாவிட்டாலும் கெட்டிருக்குமா என்பதை அந்த ஆய்வின் அமைப்பால் சொல்ல முடியாது. ஆனால் 'ஊசிதானே, பாதகமில்லை' என்று சாதாரணமாகச் சொல்லிவிடும் பழக்கத்தை அது கொஞ்சம் அசைத்தது.

நாஷ்வில், செப்டம்பர் 18

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஐம்பதுகளில் இருந்த ஒருவர் தலைவலி, கழுத்துவலியோடு வந்தார். மூளைக்காய்ச்சல் என்று கண்டு ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் இன்னும் மோசமாகித் திரும்பி வந்தார். தண்டுவட நீரைச் சோதித்ததில் வளர்ந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்ற பூஞ்சை. நல்ல நோய் எதிர்ப்புச் சக்தி உள்ள ஒருவரின் மூளைச் சவ்வில் அது வளரக் கூடாது. அவர் பிழைக்கவில்லை.

சிகிச்சை அளித்த மருத்துவர் ஏப்ரல் பெட்டிட் செய்த காரியம் எளிமையானது. அது இல்லாவிட்டால் இறந்தவர் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. நோயாளிக்குச் சில வாரங்களுக்கு முன் முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, செப்டம்பர் 18 அன்று மாநிலச் சுகாதாரத் துறைக்கு எழுதினார். அங்கே மருத்துவமனைத் தொற்றுகளைக் கவனித்தவர் மரியன் கைனர். அவர் அந்த ஊசி போட்ட சிகிச்சையகத்தை விசாரித்தபோது, அதே மாதிரி நோயாளிகள் இன்னும் இருந்தது தெரிந்தது. செப்டம்பர் 20 அன்று அந்தச் சிகிச்சையகம் கதவை மூடியது.

சந்தேகப் பட்டியலில் எல்லாமே இருந்தன: தோலில் தடவும் கிருமிநாசினி, மரத்துப்போகும் மருந்து, ஸ்டீராய்டு. ஒரே இடத்தில் நோய் வந்தால் அந்த இடத்தின் அழுக்கா, வாங்கிய பொருளின் அழுக்கா என்று பிரிப்பது கஷ்டம். அந்த முடிச்சை அவிழ்த்தது வட கரோலினாவிலிருந்து வந்த ஒரு தகவல். நாஷ்வில்லுக்கும் அந்த நோயாளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது அந்த ஸ்டீராய்டு குப்பி மட்டும். தயாரித்தது மசாசூசெட்ஸ் மாநிலம் ஃப்ரேமிங்ஹாமில் இருந்த நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர்.

நிறுவனம் மூன்று தொகுதிகளை செப்டம்பர் 26 அன்று திரும்பப் பெற்றது. தொகுதி எண்ணிலேயே தயாரித்த நாள் இருந்தது: மே 21, ஜூன் 29, ஆகஸ்ட் 10. மொத்தம் 17,000-க்கும் மேற்பட்ட குப்பிகள் 23 மாநிலங்களில் 76 சிகிச்சையகங்களுக்குப் போயிருந்தன. ஏறத்தாழ 14,000 பேருக்கு அவை போடப்பட்டிருந்தன. அக்டோபர் 18 அன்று, திறக்காத குப்பிகளுக்குள்ளேயே எக்ஸெரோஹைலம் ரோஸ்ட்ரேட்டம் என்ற பூஞ்சை இருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் சிடிசியும் உறுதி செய்தன. புல்லிலும் சோளம், நெல் போன்ற பயிர்களின் இலையிலும் புள்ளி நோய் உண்டாக்கும் கருநிறப் பூஞ்சை அது. மனிதர்களைத் தாக்கியதாக அதற்கு முன் பதிவானவை மிகக் குறைவு.

ஃப்ரேமிங்ஹாமில் கண்டது

எஃப்டிஏ ஆய்வாளர்களின் அறிக்கை வறண்ட அரசாங்க மொழியில் எழுதப்பட்டது. ஆகஸ்ட் தொகுதியில் கையிருப்பிலிருந்த 321 குப்பிகளைப் பார்த்ததில், 83 குப்பிகளில் பச்சையும் கறுப்புமாக ஏதோ மிதந்தது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. இன்னும் 17 குப்பிகளில் வெள்ளை நூலாக ஏதோ இருந்தது. சோதனைக்கு எடுத்த 50 குப்பிகளிலும் கிருமி வளர்ந்தது, ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தத் தொகுதியைப் பொறுத்தவரை குலுக்காமல் விளக்கொளியில் வைத்துப் பார்த்திருந்தாலே நான்கில் ஒன்று பிடிபட்டிருக்கும்.

வேகவைக்கும் கருவியில் குறைந்தது 20 நிமிடம் வைக்க வேண்டியதை அதற்கும் குறைவாக வைத்தார்கள். சுத்த அறையின் குளிர்சாதனத்தை இரவு முழுக்க அணைத்து வைத்தார்கள். அந்த அறையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் இருப்பதை நிறுவனத்தின் சொந்தப் பரிசோதனைகளே மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தன. யாரும் எதுவும் செய்யவில்லை. பக்கத்துக் கட்டடம் பழைய மெத்தை உள்ளிட்ட கழிவுகளை மறுசுழற்சி செய்யும் தொழிற்சாலை. கிருமி இல்லை என்ற சோதனை முடிவு வரும் முன்பே மருந்து வண்டியேறிப் போய்விடும்.

பெயரளவில் இது மருந்துத் தொழிற்சாலை இல்லை என்பதுதான் இதில் மிகவும் எரிச்சலூட்டும் பகுதி. மருந்துச்சீட்டைப் பார்த்து, அந்த ஒரு நோயாளிக்கென்று மருந்து கலந்து தரும் கடை என்றுதான் உரிமம். அந்த உரிமத்தில் ஆயிரக்கணக்கில் குப்பிகள் தயாரித்து நாடு முழுக்க அனுப்பினார்கள். ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு நோயாளி பெயர் வேண்டுமே என்று சில இடங்களில் சினிமாக்காரர் பெயரையும் பீர், சாப்பாட்டுப் பெயரையும் எழுதினார்கள். 'பட் வைசர்' என்பதும் 'ஃபைலே ஓ ஃபிஷ்' என்பதும் குற்றப்பத்திரிகையில் வரும் நோயாளிப் பெயர்கள். தொழிற்சாலை என்றால் எஃப்டிஏ பார்க்க வேண்டும், மருந்துக்கடை என்றால் மாநில வாரியம் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாத ஒன்றை யார் பார்ப்பது என்பது 2012 வரை தெளிவாக இல்லை. எஃப்டிஏ 2006-லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. 2012 ஜூலையில், அதாவது முதல் நோயாளி வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், கொலராடோ மாநிலத்தின் மருந்தக வாரியம் மசாசூசெட்ஸ் வாரியத்துக்குப் புகார் அனுப்பியது. அது மேசையிலேயே கிடந்தது.

மூட்டுக்குள் போனவர்கள்

மூட்டில் ஊசி போட்டவர்களில் தொற்று கண்டவர்கள் ஏன் இவ்வளவு குறைவு? முதலாவது, அந்த மருந்தைப் போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் முதுகில் போட்டுக்கொண்டவர்கள். இரண்டாவது, மூட்டுச் சவ்வில் ரத்த ஓட்டம் அதிகம், வெள்ளணுக்கள் வேகமாக வந்து சேரும் இடம். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடம் அப்படிப்பட்டதல்ல. இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மூட்டுத் தொற்றைக் கண்டுபிடிப்பதே கடினம்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூளைக்காய்ச்சல் வந்தவருக்குத் தலைவலி புதிது. அவர் அதற்கு முன் தலைவலிக்காரர் இல்லை. முழங்காலில் ஊசி போட்டவரோ ஏற்கெனவே முழங்கால் வலிக்காரர். ஊசி போட்ட மறுநாள் வலித்தால் 'ஊசி வலி' என்று சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் அது சரிதான். சில வாரங்களுக்கு வலி குறைந்திருக்கும், ஏனென்றால் மருந்து நிஜமான ஸ்டீராய்டுதான், வீக்கத்தை அடக்கும் வேலையை அது செய்துகொண்டிருக்கும். அதே ஸ்டீராய்டு பூஞ்சையை எதிர்க்க வேண்டிய உள்ளூர்க் காவலையும் கட்டிப்போட்டிருக்கும். ஆறாவது வாரமோ எட்டாவது வாரமோ மூட்டு மறுபடி வலித்து வீங்கினால் நோயாளியும் மருத்துவரும் ஒரே முடிவுக்கு வருவார்கள்: மருந்தின் வேகம் முடிந்துவிட்டது, தேய்மானம் திரும்பிவிட்டது, இன்னொரு ஊசி போடலாம். அந்த இன்னொரு ஊசியும் அதே அலமாரியிலிருந்து வந்திருக்கலாம்.

பாக்டீரியா தொற்று மாதிரி இது கொதிக்கும் காய்ச்சலோடு வரவில்லை. மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தாலும் பூஞ்சை மெல்ல வளரும், பல சமயம் வளரவே வளராது. அதனால்தான் சிடிசி தன் வரையறையில், பூஞ்சை பிடிபடாவிட்டாலும் அந்தக் குப்பியின் மருந்தைப் போட்டபின் மூட்டில் தொற்று வந்தவர்களையும் கணக்கில் சேர்த்தது. முதுகு நோயாளிகளிடையே இந்த மறைந்திருக்கும் தன்மை எவ்வளவு ஆழம் என்பது மிஷிகனில் தெரிந்தது. ஊசி போட்டும் நோய் கண்டறியப்படாதிருந்த 172 பேரை ஆன் ஆர்பரில் கூப்பிட்டு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 36 பேரின் படத்தில் கோளாறு இருந்தது, அவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் நோயாளிக் கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களில் பலருக்கு வழக்கமான முதுகுவலியைத் தாண்டிப் புதிதாக எதுவும் தெரிந்திருக்கவில்லை. மூட்டில் ஊசி போட்டவர்களுக்கு இப்படி வரிசையாகக் கூப்பிட்டு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்திருந்தால் 35 என்ற எண் அப்படியே நின்றிருக்குமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

சிகிச்சையும் சுலபமாக இல்லை. முக்கிய மருந்து வோரிகோனசோல், குறைந்தது மூன்று மாதம். மூட்டுக்குள் சீழோ எலும்பில் அரிப்போ இருந்தால் அறுவைச் சிகிச்சை செய்து சுத்தம் செய்ய வேண்டும். கடுமையான நோயாளிகளுக்கு ஆம்ஃபோடெரிசின் பி-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வோரிகோனசோல் எடுத்தால் கண்ணில் நிறங்கள் மாறித் தெரியும், இல்லாத உருவங்கள் தெரிவதும் உண்டு. கல்லீரல் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். வெயிலில் போனால் தோல் பொசுங்கும். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். முழங்கால் வலிக்கு ஓர் ஊசி போட்டுக்கொண்டவர், அந்த ஊசியின் பக்கவிளைவுக்குப் போட்ட மருந்தின் பக்கவிளைவோடு மாதக்கணக்கில் வாழ வேண்டியிருந்தது.

வழக்கும் சட்டமும்

2014 டிசம்பரில் 14 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. நிறுவனத்தின் தலைமை மருந்தாளுநரும் உரிமையாளர்களில் ஒருவருமான பாரி கேடனை 2017-ல் பாஸ்டன் நடுவர் குழு மோசடிக் குற்றங்களில் குற்றவாளி என்றது, கொலைக் குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. 9 ஆண்டு சிறை. மேல்முறையீட்டுக்குப் பின் 2021-ல் அது பதினான்கரை ஆண்டானது. சுத்த அறையின் பொறுப்பிலிருந்த கிளென் சின்னுக்கு முதலில் 8 ஆண்டு, பிறகு பத்தரை. நோயாளிகள் அதிகம் இருந்த மிஷிகன் விடவில்லை. அங்கே மட்டும் 264 நோயாளிகள். 11 மரணங்களுக்காக அந்த மாநிலம் தனியாக வழக்குப் போட்டது. 2024-ல் இருவரும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றச்சாட்டுக்கு எதிர்வாதம் செய்யாமல் தண்டனையை ஏற்றார்கள். திவாலான நிறுவனத்தின் சொத்து, காப்பீடு, உரிமையாளர்களின் பங்கு எல்லாம் சேர்த்துச் சுமார் 20 கோடி டாலர் இழப்பீட்டு நிதி உருவானது.

2013 நவம்பர் 27 அன்று மருந்துத் தரம் மற்றும் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. மொத்தமாகத் தயாரித்து அனுப்பும் கலவைக் கூடங்களுக்கு 'வெளித் தயாரிப்பு நிலையம்' என்ற தனி வகையை அது உண்டாக்கியது. அதில் பதிவு செய்தால் எஃப்டிஏ வந்து பார்க்கும், தொழிற்சாலைத் தரம் கேட்கும். பதிவு செய்வது கட்டாயமல்ல என்பதுதான் அதன் ஓட்டை. பதிவு செய்யாதவர் பழையபடி சீட்டுக்கு ஒரு மருந்து என்று நின்றுகொள்ளலாம். நிற்கிறாரா என்று பார்க்க வேண்டியது மறுபடியும் மாநில வாரியம்தான். சட்டம் வருவதற்கு முன்பே, 2013 மே மாதம், அதே டென்னசியில் இருந்த இன்னொரு கலவைக் கூடத்தின் மெத்தில்பிரெட்னிசோலோன் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டியோடு நோயாளிகள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

தேதியும் எண்ணும்

இந்த நிகழ்விலிருந்து மூட்டு ஊசி போட்டுக்கொள்பவருக்கு என்ன மிஞ்சுகிறது? ஊசியே வேண்டாம் என்பதல்ல. வீங்கிக் கிடக்கும் முழங்காலோடு நடக்க முடியாமல் இருப்பவருக்குச் சில வார நிம்மதி பெரிய விஷயம், உடற்பயிற்சியைத் தொடங்கவே அந்த நிம்மதி தேவைப்படும். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள் மட்டும் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஊசி போடாமல் இருப்பது நல்லது. தொற்றின் வாய்ப்பு கூடுகிறது.

வலி திரும்பும்போது மருத்துவரிடம் 'மறுபடி வலிக்குது டாக்டர்' என்பதோடு நிறுத்தாமல், ஊசி போட்டது எந்தத் தேதி, எத்தனை நாள் நன்றாக இருந்தது, எந்த நாளிலிருந்து வீங்குகிறது என்று சொல்ல வேண்டும். மறுநாள் வந்த வலிக்கும், ஐந்தாம் நாள் காய்ச்சலோடு வந்த வலிக்கும், இரண்டு மாதம் கழித்துப் படிப்படியாக ஏறிய வீக்கத்துக்கும் காரணம் வேறு, சோதனை வேறு. மூன்றாவது வகையில், இன்னொரு ஊசி போடும் முன் மூட்டு நீரை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

அமெரிக்காவில் ஏறக்குறைய 14,000 பேரையும் சில வாரங்களில் தேடிப் பிடித்துச் சொல்ல முடிந்தது. யாருக்கு எந்த நாளில் எங்கிருந்து வந்த குப்பி போட்டார்கள் என்பது 76 இடங்களின் ஏட்டிலும் இருந்ததால்தான் அது நடந்தது. நம் ஊர்ச் சீட்டுகளில் மருந்தின் பெயர் இருக்கும், மில்லிகிராம் இருக்கும், தொகுதி எண் பெரும்பாலும் இருக்காது. 'பேட்ச் நம்பர்' என்று குப்பியின் லேபிளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், பக்கத்திலேயே காலாவதி மாதமும் இருக்கும். ஊசி போட்டு முடித்து, அந்தக் குப்பி குப்பைத் தொட்டிக்குப் போகும் முன் லேபிளை ஒரு போட்டோ எடுத்துத் தரும்படி நர்ஸிடம் கேட்கலாம். சீட்டின் ஓரத்தில் எழுதித் தரச் சொன்னாலும் சரி.